முடிவுரை முன்பே போய்விட்டது

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. விசாரணை மண்டபத்தில் எனக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். அதற்குள் எல்லா முகங்களும் சிரிக்காத முகங்களாகிவிட்டன.

நடந்தது இது. மருத்துவமனையின் புதிய கட்டடம் ஒரு பக்கமாக உள்ளே இறங்கிச் சரிந்தது. ஆட்கள் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கை. ஏன் சரிந்தது என்று விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டார்கள். அந்த இடத்தில் கட்டடம் கட்டலாமா கூடாதா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுத்த பொறியாளர் சாட்சி சொல்ல வந்தார். நீதிபதி கேட்டார்: "மண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேர்மையாக யோசித்தார். அது முகத்தில் தெரிந்தது.

"சாத்தியம்னுதான் எழுதியிருப்போம், ஐயா. முடிவுரை முன்னாடியே போயிடுச்சு."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

இப்போது அந்தப் பொறியாளர் என் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார். தங்கை வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாராம். போ என்றால் வாசலோடு போய்விடுவாராம். எதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை. வரட்டும் என்றோ வேண்டாம் என்றோ நானும் சொல்லவில்லை.

ஆகவே அவர்கள் செய்யாததை நான் செய்யப்போகிறேன். முன்கூட்டியே ஆராயப்போகிறேன். இந்த வீட்டில், இந்த நாற்காலியில், அந்த மனிதர் உட்கார முடியுமா? என் தரை தாங்குமா?

நீங்கள் கையில் வைத்திருப்பது அந்த ஆய்வுதான். கதை போலத் தெரிந்தால் அது என் எழுத்தின் கோளாறு.

(அவர்கள் பாஷையில் இதற்குச் சாத்தியக்கூறு ஆய்வு என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் ஒரு பரண் அடிப்பதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்க்கிறோமே, அதுதான். மண் தாங்குமா, தண்ணீர் எங்கே ஓடும், பணம் போதுமா, வேறு இடம் உண்டா, கட்டாமலே விட்டால் என்ன. கேட்டுவிட்டுக் "கூடாது" என்று சொல்லவும் இடம் இருந்தால்தான் அது ஆய்வு. அந்த இடம் இல்லையென்றால், ஏற்கெனவே பந்தல் போட்ட வீட்டில் பெண் பார்க்கப் போவது மாதிரி.)

2

முதல் தொடக்கம்:

அன்று காலையிலிருந்தே வானம் ஒரு மாதிரியாக இருந்தது. காற்றில் ஏதோ—

வானம் ஒரு மாதிரியாகவும் இல்லை. காற்றில் ஒன்றும் இல்லை. வெயில் அடித்தது, துணி காய்ந்தது. கதைகளில் எது நடந்தாலும் வானத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். விசாரணையில் ஒப்பந்தக்காரரின் வக்கீலும் அதைத்தான் செய்தார். போன வருஷத்து மழை என்றார். மழைக்கு வக்கீல் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்:

ஒரு மருத்துவமனை. அதன் பின்னால் ஒரு புல்வெளி. நோயாளிகளோடு வந்தவர்கள் அங்கே படுத்துத் தூங்குவார்கள். அந்தப் புல்லுக்குக் கீழே—

கீழே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், மர்மமெல்லாம் வேண்டாம். புதிய கட்டடத்துக்குக் குறித்த அந்த இடத்தில் முன்பு பெரிய குழி இருந்தது. எப்போதோ இடித்த கட்டடத்தின் கல்லையும் கண்ட குப்பையையும் கொட்டி மூடி, மேலே கொஞ்சம் மண் பரப்பிப் புல் வளர்த்திருந்தார்கள்.

மூன்றாவதாகத் தங்கையிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். அவள் அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். வீட்டில் அவளை ஊசி என்போம். அந்த வேலைக்குப் போவதற்கு வெகு முன்பே, அவள் பேச்சுக்காக வைத்த பெயர். அவளைக் கதைக்குள் விட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

ஒருநாள் மத்தியானம் போன் செய்தாள்.

"அக்கா, எங்க புதுக் கட்டடம் வந்துடுச்சு."

"எங்கடி வந்துது? இன்னும் ஒரு கூடை மண்ணுகூட அள்ளலேன்னு சொன்னியே?"

"முன் கூடத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வந்துடுச்சு. பொம்மைக் கட்டடம். மரமெல்லாம் பஞ்சுல பண்ணியிருக்காங்க. ஆளுங்க நகம் அளவுக்கு இருக்காங்க. ஒருத்தர்கூட நோயாளி இல்லக்கா, எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு ஜோரா நடக்கிறாங்க. அவ்ளோ ஆரோக்கியமான ஆஸ்பத்திரி."

"உன் லேப் எங்க வருது?"

"கீழ்த்தளம், பின்பக்கம். ஏசி உண்டாம். ஆஸ்பத்திரித் தலைவரே வந்து திறப்பு விழா எந்த மாசம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒழுகாத கூரைக்குக் கீழ ஒக்காந்து ரத்தம் எடுக்கணும்னு எனக்கும் எழுதியிருக்கு போல."

எழுதியிருக்கு என்ற சொல்லை மாற்றலாமா என்று யோசித்தேன். படிப்பவர்கள் நான் திணித்ததாக நினைப்பார்கள். அவள் சொன்னது அதுதான். இருக்கட்டும்.

கவனியுங்கள்: பொம்மை வந்துவிட்டது, திறப்பு விழாவுக்கு மாதம் குறித்தாகிவிட்டது. கட்டலாமா என்று ஆராயும் வேலை அதற்குப் பிறகுதான் ஒருவரிடம் கொடுக்கப்பட்டது.

3

அந்த ஒருவரை அறிக்கைக்காரர் என்றே எழுதப்போகிறேன். பெயர் தெரியும். எழுத மாட்டேன்.

அவருக்கு நான் கொடுத்த முதல் உருவம்: தடித்த கழுத்து, விரலுக்கு ஒரு மோதிரம், மேசைமேல் வெள்ளியில்—

அடித்துவிட்டேன். மண்டபத்தில் நான் பார்த்தவர் ஒல்லியாக இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றைத் தப்பான துளையில் மாட்டியிருந்தார். யார் கேள்வி கேட்டாலும் கேட்டவருக்கு உதவி செய்வதுபோல முன்னால் குனிந்து கேட்டார். வெறுப்பதற்கு மிகவும் கஷ்டமான ஆள். அதற்காகவே இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

தங்கை வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தார்.

"பொத்தான் கதையெல்லாம் எதுக்குக்கா?"

"அப்படித்தானே இருந்துது, தம்பி."

"இருந்துட்டுப் போகட்டும். அத எழுதினா படிக்கிறவங்க ஐயோ பாவம்பாங்க. என் சட்டையில ஒரு பொத்தானே இல்ல. எவனாவது ஐயோ பாவம்னானா?"

பார்த்தேன். இல்லைதான்.

"அவன் குடிப்பான்னு எழுதுங்க. காசு வாங்கினான்னு எழுதுங்க."

"வாங்கலேன்னு விசாரணையிலயே தெரிஞ்சுபோச்சே."

"கதைதானே? கதையிலயாவது வாங்கிட்டுப் போறான்."

"சரி, நீ சொல்லு, நீ சொல்றத அப்படியே எழுதிக் கீழ என் பேரப் போட்டுக்கிறேன்."

"அதத்தானேக்கா அவனும் பண்ணான்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

4

ஆகவே, காசு வாங்காத, குடிக்காத அறிக்கைக்காரர், ஒருநாள் முற்பகலில், மண்ணைத் துளைத்துப் பார்க்கும் லாரிக்கு முன்னால் மருத்துவமனைக்குள் நடந்துவருகிறார். இந்தப் பகுதியில் நடந்ததெல்லாம் விசாரணையில் வெளிவந்தவை. பேச்சை மட்டும் நான் நிரப்பியிருக்கிறேன்.

பின்பக்கம் போக ஒரே வழி. அந்த வழியின் குறுக்கே, பழைய கட்டடத்துக்கும் அறுவைக் கூடத்துக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட நடைபாதை. மழையில் நனையாமல் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதற்காகப் போட்டது. லாரியின் முதுகில் துளையிடும் கம்பம் மடக்கிக் கிடந்தது. மடக்கிய பிறகும் அது கூரையைவிட உயரம்.

லாரி ஓட்டுநர் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். "போகாது சார்."

"டயர்ல கொஞ்சம் காத்த எறக்கினா?"

"டயர்ல இருக்கிறத மட்டுமில்ல, என் ஒடம்புல இருக்கிற காத்தையும் சேத்து எறக்கினாலும் போகாது."

"ரெண்டு தகரத்தக் கழட்டினா?"

"கழட்டலாம். யாரு கழட்டுறது? நான் தரையில ஓட்ட போடுற ஆளு சார். கூரையில கை வைக்க மாட்டேன்."

அதற்குள் ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் கத்தினார். "யோவ், நடுவழியில என்ன மாநாடு? வண்டிய எடுங்கய்யா!"

லாரி பின்வாங்கியது. அறிக்கைக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. நோயாளியின் வழியை மறித்துவிட்டோமே என்று. (அந்தக் கூச்சத்தை நான் அவருக்குக் கொடுத்தேன். திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.) அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே எல்லாரும் பெரிய சார் என்று கூப்பிடும் முதலாளி எடுத்தார்.

"சார், பின்னாடி வண்டி போகல. கேட்டுப் பக்கத்துலதான் நிக்கிறோம்."

"கேட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான் சார்."

"அப்ப அதுவும் அவங்க மனைதானே? அங்கயே போட்டுட்டு வாங்க. முடிவுரையத்தான் கடன் குடுக்கிற பேங்க்காரங்க கேட்டாங்கன்னு போன வாரமே அனுப்பியாச்சே. மண்ணப் பத்தின பகுதி ஒண்ணுதான் பாக்கி."

காவலாளியின் நாற்காலியை நகர்த்திவிட்டு அங்கே துளை போட்டார்கள். மண் அருமையான மண். கெட்டிச் சரளை. "கல்லு மாதிரி இருக்கு சார், எத்தன மாடி வேணாலும் அடுக்கலாம்" என்றார் ஓட்டுநர். எல்லாருக்கும் சந்தோஷம். காவலாளிக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது.

அறிக்கையில் வந்த வாக்கியம்: "மனையில் எடுக்கப்பட்ட மண் மாதிரிகள் போதிய தாங்குதிறன் கொண்டவை."*

* இதில் ஒரு பொய்கூட இல்லை. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மனைதான். எடுத்ததுதான். தாங்கும்தான். என் தங்கையை உண்மைகளைக் கொண்டே கொன்றிருக்கிறார்கள்.

5

இப்போது ஒரு கதைக்குத் தேவையான காட்சி. அலுவலகம். பெரிய சாரின் அறை. அறிக்கைக்காரர் கதவைத் தட்டுகிறார்.

"சார், பின்பக்கம் துளை போடலேன்னு ஒரு வரி சேத்துடலாமா?"

பெரிய சார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறார். "சேருங்க. சேத்துட்டு நீங்களே கொண்டுபோய்த் தலைவர் கையில குடுங்க. திறப்பு விழாவ எந்த மாசத்துக்குத் தள்ளலாம்னும் நீங்களே சொல்லிட்டு வாங்க."

"இல்ல சார், ஒரு பாதுகாப்புக்கு..."

"யாரு பாதுகாப்புக்கு? உங்க வீட்டு வாடகைக்கா?"

அறிக்கைக்காரரின் உதடு துடித்தது. ஜன்னலுக்கு வெளியே—

நிறுத்துகிறேன்.

நன்றாக வந்துகொண்டிருந்தது, தெரியும். இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அவர் மிரட்டப்பட்ட எளிய மனிதராகியிருப்பார். பெரிய சார் அரக்கனாகியிருப்பார். நீங்களும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். ஆனால் இந்தக் காட்சி நடக்கவே இல்லை. நீதிபதி அதையும் கேட்டார். "யாரும் உங்களக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லைங்க ஐயா. பின்பக்கம்ங்கிறத நான் அப்புறம் யோசிக்கவே இல்ல."

ஆகவே நடந்த காட்சியை எழுத வேண்டும். அது இவ்வளவுதான்: அறிக்கைக்காரர் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மண்ணைப் பற்றிய பகுதியை எழுதினார். சில எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். ஏற்கெனவே போய்விட்ட முடிவுரைக்கு முன்னால் அதைச் சேர்த்தார். வீட்டுக்குப் போனார்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது? ஒரு தயக்கமாவது வேண்டாமா? பேனா ஒரு கணம் நிற்க வேண்டாமா? அவர் தயங்கிவிட்டு எழுதினார் என்றால் அவர் குற்றவாளி, எனக்குத் திட்ட ஒரு ஆள் கிடைக்கும். தயங்கவே இல்லை என்றால், அந்த மேசையில் என் தங்கை ஒரு கணம்கூட எடை போடப்படவில்லை. தராசில் ஏற்றிவிட்டுக் குறைவு என்று தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்றவே இல்லை.

6

முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணங்களைத் தேடிப் போகும் தொழில் அவர்களுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது இந்தக் காகிதங்களைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முதல் வரியிலேயே தீர்மானித்திருந்தேன். அதற்குத் தோதாக ஒவ்வொரு பகுதியையும் கட்டிக்கொண்டு வந்தேன். உங்களிடம் மறைத்தேன். எனக்குள்ளும் ஒரு முடிவுரை முன்பே போயிருந்தது.

சரி, அந்த முடிவுரையைக் கிழித்துவிட்டேன். இனி உண்மையாக ஆராய்வோம்.

விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தகரக் கூரை லாரியைத்தான் தடுத்தது. ஆளைத் தடுக்கவில்லை. லாரி ஓட்டுநர் துளை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அறிக்கைக்காரர் அந்தக் கூரைக்கு அடியில் நடந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாரா? சும்மா, கையை வீசிக்கொண்டு?

போனார் என்று வைத்துக்கொள்கிறேன்.

புல்வெளியில் நான்கைந்து பேர் படுத்திருக்கிறார்கள். அறிக்கைக்காரர் ஓரமாக நிற்கிறார். தரை நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. ஒரு இடத்தில் புல்லுக்கு நடுவே உடைந்த செங்கல் முனை தெரிகிறது. அதைச் செருப்பால் உரசிப் பார்க்கிறார். பழைய பரிசோதனைக் கூடத்தின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அங்கிருந்து ஒரு குரல்.

"சார், ரத்தம் குடுக்கணுமா?"

"இல்லம்மா. சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"சும்மா பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்த மொத ஆளு நீங்கதான்."

சிரிக்கிறார். "இங்கதாம்மா புதுக் கட்டடம் வருது."

"தெரியும். எங்களையும் அங்கதான் மாத்துறாங்களாம். நல்லாப் பாத்துக் கட்டுங்க சார். இந்தப் பக்கம் மழை பேஞ்சா தண்ணி தேங்காது, எங்கயோ உள்ள போயிடும். ஒரு நாளும் சேறாகி நாங்க பாத்ததில்ல. எங்க போகுதுன்னே தெரியல."

அவர் மறுபடி தரையைப் பார்க்கிறார்.

இதற்குமேல் எழுதவில்லை. எழுதினால் அவர் ஓடிப்போய்த் தகரத்தைக் கழற்றச் சொல்வார், லாரி உள்ளே வரும், கம்பம் இறங்கும், கல்லும் குப்பையும் மேலே வரும், என் தங்கை—

போதும்.

(தண்ணீர் உள்ளே போய்விடும் என்று அவள் என்னிடம் உண்மையாகவே சொல்லியிருக்கிறாள். செருப்பு நனையாமல் நடக்கலாம் என்ற சந்தோஷத்தில் சொன்னாள். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட எல்லா அறிக்கைகளிலும் மாற்று வழிகள் என்று ஒரு பகுதி உண்டு. வேறு இடத்தில் கட்டுவது, சிறிதாகக் கட்டுவது. அதில் கடைசியாக ஒன்று இருக்கும்: ஒன்றும் செய்யாதிருத்தல். இந்த அறிக்கையிலும் இருந்தது. அதற்கு ஒரே வரி கொடுத்திருந்தார்கள். "இது பரிசீலனைக்கு உரியதல்ல."

நான் பரிசீலிக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. புல்வெளி புல்வெளியாகவே இருக்கிறது. பழைய கூடத்தின் கூரை ஒழுகுகிறது, மேசைக்கு மேலே வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மின்விசிறி ஒரு இறக்கையில்லாமல் நொண்டுகிறது. அவள் மத்தியானம் எனக்குப் போன் செய்து மருத்துவமனைத் தலைவரைத் திட்டுகிறாள், வாளியைத் திட்டுகிறாள், சம்பளத்தைத் திட்டுகிறாள். எனக்குக் காது வலிக்கிறது. "வைடி, அடுப்புல வேலை கெடக்கு" என்கிறேன். "உனக்கு எப்பவும் அடுப்புதான்" என்று இன்னும் கொஞ்சம் பேசுகிறாள்.

இந்த மாற்றை நான் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். அவர்களுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம். தங்கை வீட்டுக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். ஜன்னலை விட்டு நகரவில்லை. சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொடுத்தேன். போட்டுக்கொண்டே ஜன்னலைத்தான் பார்த்தார்.

சாத்தியமான முடிவுகளை நானும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். அவர் வந்து அழுகிறார், நான் தண்ணீர் கொடுக்கிறேன். இது படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அவர் வந்து மன்னிப்புக் கேட்கிறார், தங்கை வீட்டுக்காரர் அவரை மாடிப்படியில் உருட்டிவிடுகிறார். இது எனக்குப் பிடிக்கும். நான் கதவைத் திறக்கவே இல்லை, அவர் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகிறார், இது சுலபம். மூன்றிலும் அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"அக்கா, வந்துட்டான். கீழ நின்னு நம்பர் பாக்கிறான்."

"ம்."

"போகச் சொல்லிடட்டா?"

"இரு தம்பி."

"என்னத்த இரு? இத்தன நாளா எழுதி எழுதி இன்னும் முடிவு பண்ணலயா நீங்க?"

"இல்ல."

"ஆள் வாசல்ல நிக்கும்போதுமா?"

"ஆமா. ஆள் வாசல்ல நிக்கும்போதும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. "நான் இங்க இருந்தா கை நீண்டுடும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மெதுவாக ஏறுகிறார். நடுவில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறாரா, திரும்பிப் போகலாமா என்று நினைக்கிறாரா, தெரியவில்லை. இதோ, மறுபடி ஏறுகிறார்.

நான் எழுந்து போகிறேன். கதவைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்பேன். "பின்பக்கம் போய்ப் பாத்தீங்களா?" போனேன் என்றால் உள்ளே விடுவதா, போகவில்லை என்றால் விடுவதா, எந்தப் பதில் எனக்கு அதிகமாக வலிக்கும் என்றுகூடத் தெரியாது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை. கையில் அது மட்டும்தான் இருக்கிறது, முடிவு இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு கடைசி வரி வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரை மன்னியுங்கள், அறையுங்கள், என்னவோ செய்யுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் நான் கேட்டு, அந்த மனிதர் வாயைத் திறந்து பதில் சொல்லி முடிக்கும்வரை, பேனாவைத் தொடாதீர்கள்.